ஏழாம் நம்பர் கட்டில்

பல்செட் கட்டும் வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும் தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்ற பெயர்தான் நிலைத்திருந்தது. கீழே இருந்த கடையை ஒரு சாவிக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மெழுகு வாடை போகாத தன் வேலை மேசையை மட்டும் மாடிக்கு ஏற்றிக்கொண்டார். அதை ஏற்றுவதற்குள் ஆட்களுக்கு மூச்சு வாங்கிய கதையைச் சாவிக்காரர் இன்னும் வருவோர் போவோரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து, மகனும் கடல் கடந்து குடியேறிய பிறகு, அந்த வீட்டில் அவரோடு சேர்ந்து வயதாகிக்கொண்டிருந்தது அந்த மேசை ஒன்றுதான்.

வாரத்தின் மற்ற நாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது எதுவென்று தெரியாமல் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தனியாக நிற்கும். அன்று மாலை நர்ஸம்மா வருவார். பல்லுக்காரர் மதியமே இரண்டாவது கோப்பையை எடுத்து, சுத்தமாக இருந்தாலும், இன்னொரு தடவை கழுவிக் கவிழ்த்து வைப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தனக்குத் தானே நாலு வார்த்தை பேசிப் பார்ப்பார். வாரம் முழுக்க உள்ளேயே கிடந்த குரல் திடீரென்று வெளியே வந்தால் கரகரக்கும். அது நர்ஸம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவருக்கு ஒரு ரோஷம்.

நர்ஸம்மா பெரியாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கை குடும்பத்தோடு இருந்தார். முதன்முதலில் அவர் கடைக்கு வந்தது தன் அம்மாவின் உடைந்த பல்செட்டோடு. அதை ஒரு பழைய தபால் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பல்லுக்காரர் செட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உறையில் ஒட்டியிருந்த வெளிநாட்டுத் தபால்தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒடஞ்சது அது இல்ல. இது" என்றார் நர்ஸம்மா.

அப்படி ஆரம்பித்த பழக்கம். நர்ஸம்மாவிடமும் தபால்தலைகள் இருப்பது அன்றைக்கே தெரிந்தது. கப்பலில் இன்ஜினியராக இருந்த ஒரு நோயாளி, மாதக்கணக்கில் தன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸின் கையில், வீட்டுக்குப் போகிற அன்று ஒரு பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே ஹவாய்த் தீவுகளின் மிகப் பழைய தபால்தலைகள் சில. அத்தனையும் கிழிந்தவை, மடிந்தவை, ஓரம் வெட்டுப்பட்டவை.

அந்தத் தீவுகளை அவர்களுடைய அரசரே ஆண்டுகொண்டிருந்த காலத்துத் தலைகள் அவை. படம் கிடையாது. நடுவில் பெரிதாக ஓர் எண், நாலு புறமும் பொடி எழுத்து, சுற்றி மெல்லிய கோடு. செய்தித்தாளுக்குச் செய்வதுபோல ஈய எழுத்துகளைக் கையால் கோத்து, ஒரு தகட்டுக்குப் பத்துத் தலையாக அச்சடித்தார்கள். கையால் கோத்ததால் பத்தும் பத்து விதம். ஒன்றில் ஓர் எழுத்து சாய்ந்திருக்கும். இன்னொன்றில் கோடு நடுவில் விட்டுப்போயிருக்கும். அந்தக் குறைகளைக் கொண்டுதான் ஒரு தலை தகட்டில் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று சொல்ல முடியும். இடத்துக்கு ஒன்றாகப் பத்தையும் தேடிச் சேர்த்து, ஒரு தகட்டைக் காகிதத்தில் மறுபடி நிறுத்திக் காட்டுவதுதான் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களின் ஆசை.

நல்ல நிலையில் உள்ள தலைகள் பெரிய மனிதர்களின் பெட்டகங்களுக்குப் போய்விடும். நர்ஸம்மா யாரும் சீந்தாத பழுதுபட்ட தலைகளை மட்டுமே சேர்த்தார். ஆல்பத்தில் அவற்றுக்கென்று வைத்திருந்த பக்கத்துக்கு வார்டு என்று பெயர். மேலே ஐந்து கட்டம், கீழே ஐந்து கட்டம். அவர் கணக்கில் பத்துக் கட்டில். "மூணாம் நம்பருக்கு முதுகுல ஓட்டை. அஞ்சாம் நம்பர் ஒத்தக் காலோட வந்து அட்மிட் ஆனாரு" என்று ஒவ்வொருவரின் நோயையும் சொல்லிக்கொண்டே போவார். மேல் மூலை போயிருந்தால் காது இல்லை, கீழ் மூலை போயிருந்தால் கால் இல்லை என்பது அவர் கணக்கு.

பல்லுக்காரருக்கு இது பார்த்த மாத்திரத்தில் பிடிபட்டுவிட்டது. வாழ்நாள் முழுக்க அவர் பார்த்ததும் வரிசைதானே. எந்த வாயிலும் எல்லாப் பல்லும் நேராக நிற்பதில்லை. கோணல்தான் ஆளை அடையாளம் காட்டும். நர்ஸம்மாவிடமிருந்து நோய் தொற்றி, அவரும் சேர்க்க ஆரம்பித்தார். அவருக்குப் பிடித்தது முழு உறைகள். தலையும் முத்திரையும் விலாசமும் பிரியாமல், அனுப்பியவரின் கையிலிருந்து வந்த கோலத்திலேயே இருக்கும் உறை. அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுப்பவனைப் பற்றிப் பேச்சு வந்தால், பல்லைப் பிடுங்கத் தெரியாமல் தாடையை உடைத்தவனைச் சொல்வதுபோலச் சொல்வார். நர்ஸம்மா அப்படிப்பட்ட உறைகளைக் கட்டிலோடு வந்து சேர்ந்த நோயாளிகள் என்பார்.

நர்ஸம்மா அவர் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் அந்த மேசை. அதில் வளையும் கழுத்துள்ள விளக்கும், தாங்கியில் பொருத்திய பெரிய லென்ஸும் இருந்தன. வருஷக்கணக்கான ஞாயிறுகளில், அந்த லென்ஸுக்குக் கீழே, ஒவ்வொரு கட்டிலாக நிறைந்தது. ஏழாவது மட்டும் காலியாகவே இருந்தது.

அந்த ஏழு, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பல்லுக்காரரின் கைக்கு வந்தது.

ஒரு வியாபாரி தபாலில் அனுப்பிய பொட்டலத்துக்குள் நாலைந்து சாதாரண உறைகளோடு ஒரு சின்ன நீல உறையும் கிடந்தது. வெங்காயச் சருகு போன்ற காகிதம். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவில் இருந்த ஏதோ ஒரு பெண்மணிக்கு, சாய்ந்த கையெழுத்தில் விலாசம். முத்திரையின் வட்டம் தலையின் மேலேயே அழுந்த விழுந்து பாதியை மூடியிருந்ததால் வியாபாரி அதைக் கவனித்துப் பார்க்கவில்லை. பல்லுக்காரர் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தார். இடது கீழ் மூலையில் கோடு அறுந்திருந்தது. வலது பக்கம் ஓர் எழுத்து, பஸ்ஸில் தூங்கி வழிபவரைப் போல, பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்திருந்தது. ஏழேதான்.

அவர் உடனே பென்சிலை எடுத்து உறையின் பின்பக்க மூலையில் பொடியாக எழுதினார்: "7. சந்தேகமே இல்லை." கீழே அன்றைய தேதி. கை தானாகச் செய்த வேலை அது. ஒரு வாயின் அச்சை எடுத்ததும், அது காயும் முன்பே ஆளின் அடையாளத்தையும் தேதியையும் அதன் அடியில் எழுதிவிடுவது அவருடைய தொழில் பழக்கம். எழுதாவிட்டால் அன்று தூக்கம் வராது.

அந்த ஞாயிறு, பேச்செல்லாம் முடிந்த பிறகு காட்டலாம் என்று உறையை ஒற்றுத்தாளுக்கு அடியில் தயாராக வைத்திருந்தார். நர்ஸம்மா தேநீரைக் குடித்து முடித்து, ஆல்பத்தை மூடிக்கொண்டே சொன்னார்:

"ஏழாம் நம்பர் கட்டில் மட்டும் நிறைஞ்சிருச்சுன்னா, வார்டைப் பூட்டிச் சாவிய கீழ இருக்கறவர்கிட்ட ஒப்படைச்சிரலாம்ணே. அப்புறம் ஞாயித்துக்கிழமை நிம்மதியா காலை நீட்டிப் படுக்கலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லுக்காரரும் சிரித்தார். ஒற்றுத்தாள் வரைக்கும் போன கை திரும்பி வந்து காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டது.

அடுத்த வாரம் காட்டலாம் என்று உறை மேசை இழுப்பறைக்குள் போயிற்று. ஒரு வாரம் மறைத்ததை அடுத்த வாரம் எடுத்துக் காட்டுவது கொஞ்சம் கூச்சம். ஒரு மாதம் மறைத்ததைக் காட்டுவது வெட்கம். ஒரு வருஷம் ஆன பிறகு அதற்கு என்ன பெயர் என்று அவருக்கே வாயில் வரவில்லை. "ஏழு எங்கயாவது கண்ல பட்டுச்சாண்ணே?" என்று நர்ஸம்மா செருப்பை மாட்டும்போது கேட்பார். "இல்லம்மா" என்பார் இவர். படியில் அவருடைய காலடி இறங்கித் தேய்ந்து, கீழே சாவிக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தெருவில் கலப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். அதற்குப் பிறகு அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த வீட்டில் குழாய் சொட்டும் சத்தம்தான்.

பல்லுக்காரர் தினமும் படுக்குமுன் கண்ணை மூடிக் கடவுளிடம் பேசுகிறவர். மனைவியின் பெயர், மகனின் பெயர், நர்ஸம்மாவின் உடம்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார். இப்போதெல்லாம் நர்ஸம்மாவின் பெயருக்கு வந்ததும் அந்த இழுப்பறை குறுக்கே வந்து நிற்கும். மிச்சத்தை அரைகுறையாக முடித்துக்கொண்டு படுத்துவிடுவார்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு ஞாயிறு நர்ஸம்மா லென்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். கோழி தரையில் கிடக்கும் மணியை ஒற்றைக் கண்ணால் பார்க்குமே, அது மாதிரி. விளக்கில் கோளாறோ என்று பல்லுக்காரர் எழுந்தார்.

"விளக்கு நல்லாத்தான் இருக்கு. நேராப் பாத்தா நடுவுல ஒரு பொட்டு அழிஞ்சு தெரியுது, அண்ணே. ஓரக்கண்ணால பாத்தா தெளிவா இருக்கு. வயசான கண்ணுக்கு வர்றதுதான். இந்தப் பொட்டு போகப் போகப் பெருசாகுமாம். டாக்டர் சின்னப் பிள்ளை, பாவம், பொய் சொல்லவும் தெரியல."

நர்ஸம்மா ஆல்பத்தின் காலிக் கட்டத்தை விரலால் தடவினார்.

"மழை முடியறதுக்குள்ள ஏழு கெடச்சா என் கண்ணால பாத்துக்கலாம். அதுக்கப்புறம் கெடச்சா நீங்க பாத்துக்குங்க" என்றார். ஏக்கமாகச் சொல்லவில்லை, வார்டில் அடுத்த ஷிப்டுக்கு வருகிற நர்ஸிடம் வேலையை ஒப்படைப்பதுபோலச் சொன்னார். அதனால்தான் அது பல்லுக்காரரின் நெஞ்சில் போய்த் தைத்தது.

மறுநாள் காலை வெளிச்சத்தில் உறையை வெளியே எடுத்தார். முன்பக்கம் ஒரு குறையும் இல்லை. திருப்பினார். பென்சில் எழுத்து, எழுதிய அன்றைக்கு இருந்ததுபோலவே பளிச்சென்று இருந்தது. இடுப்பில் குறுக்குக் கோடு போட்ட ஏழு. அவரைத் தவிர அப்படி ஏழு போடுகிறவர் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. நர்ஸம்மா அதை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். தேதியும் துளி மங்காமல் இருந்தது. ஒரு மென்மையான அழிப்பானை எடுத்து, தேதியின் கடைசி எண்ணில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். காகிதத்தின் நார் பிசிறாக எழுந்தது. அந்த இடம் மீன் செதில்போல வழவழவென்று மின்னியது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் ஓட்டை விழும். அழிப்பானைக் கீழே வைத்துவிட்டார்.

கீழே இறங்கிச் சாவிக்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்தார். சுற்றி வளைத்து, ஒருவர் செய்த வேலையைத் தடம் இல்லாமல் அழிக்க வழி உண்டா என்று கேட்டார்.

சாவிக்காரர் அரத்தை நிறுத்தாமலே பதில் சொன்னார். "பூட்டை ஒடைக்காம தெறக்கலாம் சார். தெறந்த கீறல் இல்லாம தெறக்க முடியாது. ஏன், எந்த வீட்டைத் தெறக்கப் போறீங்க? சொன்னா நானும் வரேன்."

பல்லுக்காரர் பல வழிகளை யோசித்துப் பார்த்தார். பெயரில்லாமல் தபாலில் அனுப்பலாம், கையெழுத்து காட்டிக்கொடுக்கும். மூலையின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைக்கலாம். உறையைக் கெடுத்த பாவமும் சேரும். பழைய சொந்தக்காரர் எழுதியது என்று சாதிக்கலாம். அந்தப் பொய்யை வாய்விட்டு ஒருமுறை சொல்லியும் பார்த்தார். வாரம் முழுக்க அதிகம் பேசாத குரல் அதையும் கரகரவென்றுதான் சொல்லிற்று.

ஞாயிறு வந்தது. முன்பக்கத்தை நான் கொடுத்துவிடுகிறேன், பின்பக்கத்தைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்து, உறையை லென்ஸுக்கு அடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

நர்ஸம்மா சுவரைத் தொட்டுக்கொண்டு படியேறி வந்தார். குடையை மூலையில் சாய்த்தார். ஆல்பத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்ததும், லென்ஸுக்கு அடியில் ஏதோ நீலமாக இருப்பது தெரிந்து தலையைச் சாய்த்தார். முதலில் இடப்பக்கம். பிறகு வலப்பக்கம். வெகுநேரம் அப்படியே இருந்தார். விளக்கின் கழுத்தைப் பிடித்து, தானாகவே பக்கவாட்டில் வளைத்தார். பல்லுக்காரர் ஜன்னலோரம் நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு அறுந்திருக்கு" என்றார் நர்ஸம்மா மெதுவாக. பிறகு, "இந்தப் பக்கம் ஒருத்தர் சாஞ்சு தூங்கறாரு."

"ஆமாம்மா."

"ஏழு."

"ஆமா."

நர்ஸம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி குனிந்து பார்த்தார். "கட்டிலோடயே வந்திருக்காரே மனுஷன்" என்றார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷத்தில் பல்லுக்காரர் அவர் அழுது பார்த்ததில்லை. இப்போதும் அது அழுகையா சிரிப்பா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

உறை சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே பழக்கம்: முன்பக்கம் பார்த்து முடித்ததும் கை தானாகத் திருப்பும். நர்ஸம்மாவும் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினார். நர்ஸம்மா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். கண்ணைச் சுருக்கினார். பிறகு உறையை அவர் பக்கம் நீட்டினார்.

"மூலையில பென்சில்ல என்னமோ இருக்கு. மங்கலா இருக்கு எனக்கு. என்னன்னு படிங்கண்ணே."

கடவுள் நம்மைச் சோதிக்க நினைத்தால் பெரிதாக எதையும் தூக்கிக்கொண்டு வருவதில்லை. எவ்வளவு எளிதாகப் பொய் சொல்லலாமோ அவ்வளவு எளிதான இடத்தில் நம்மை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்பார். பழைய வியாபாரியின் குறிப்பு என்று சொன்னால் போதும். நர்ஸம்மா நம்புவார். நம்பிக்கொண்டு அடுத்த ஞாயிறும் வருவார். இனி எந்தக் காலத்திலும் அந்தக் கண்கள் அந்த எழுத்தைப் படிக்கப் போவதில்லை.

பல்லுக்காரர் உறையை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏழு. சந்தேகமே இல்லை" என்று படித்தார். பிறகு தேதியைப் படித்தார். மாதத்தைப் படித்தார். வருஷத்தையும் விடவில்லை. "என் கையெழுத்தும்மா" என்று சேர்த்துக்கொண்டார்.

நர்ஸம்மா வருஷத்தைத் தன் உதட்டுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். எத்தனை ஞாயிறுகள் செருப்பை மாட்டிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டோம் என்று யோசிக்கிறார் போலிருந்தது. தேநீர் ஆறி ஆடை கட்டியது.

"இன்னிக்கு மழை வலுக்கும் போல" என்று எழுந்தார். ஆல்பத்தை எடுத்துக்கொள்ளவில்லை. "இது இங்கயே இருக்கட்டும்." படியில் காலடி இறங்கியது. கீழே சாவிக்காரரிடம் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அன்று கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. பல்லுக்காரர் கோப்பையைக் கழுவி வைத்திருந்தார். இருட்டியதும் அதை எடுத்து உள்ளே வைத்தார். அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. அன்று அவர் கோப்பையை எடுக்கவே இல்லை. மேசையின் மேல் ஆல்பம் இருந்தது. அதைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. அடுத்தவர் வீட்டுப் பெட்டியைத் திறப்பதுபோல இருந்தது. மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். சாப்பிட்டீர்களா என்று கேட்டான், சாப்பிட்டேன் என்றார். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டான். மழைக்காலம் என்றார். மகனும் அங்கே குளிர் என்றான். இரண்டு பேரும் வானிலையைப் பேசி முடித்து வைத்துவிட்டார்கள்.

அன்று கண்ணை மூடிக் கடவுளிடம் பேசியபோது நர்ஸம்மாவின் பெயருக்கு இழுப்பறை குறுக்கே வரவில்லை. அது காலியாகத்தானே இருந்தது. ஆனால் பெயரைச் சொன்னதும் புதிதாக ஒன்று தோன்றிற்று. இத்தனை வருஷமாக அந்தப் பெண்மணிதான் வெயிலிலும் மழையிலும் இந்தப் படியை ஏறி வந்திருக்கிறார். தான் ஒரு நாளாவது அவர் வாசலுக்குப் போனதில்லை. வராமல் போய்விடுவாரோ என்று பயந்தவருக்கு, போய்ப் பார்க்கலாம் என்று ஏன் தோன்றவில்லை?

காலையில் சாவிக்காரரிடம் நர்ஸம்மாவின் வீடு எங்கே என்று கேட்டார். சாவிக்காரர் முதல்முறையாக அரத்தைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா எத்தினி வருஷமா இங்க வராங்க. வீடு தெரியாதா சார் உங்களுக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். சாவிக்காரருக்கு வீடு தெரிந்திருந்தது. எப்போதோ அவர்கள் வீட்டு மாற்றுச் சாவியை அவர்தான் செய்து கொடுத்திருந்தார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, தையற்கடைக்குப் பின்னால், பச்சைக் கதவு.

பல்லுக்காரர் லென்ஸைத் தாங்கியிலிருந்து கழற்றித் துணியில் சுற்றினார். ஆல்பத்தையும் அதன் மேல் வைத்திருந்த உறையையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டார். குடை அவருடைய முதுகை நனைய விட்டு நெஞ்சை மட்டும் காத்தது.

கதவைத் திறந்தது தங்கை. இவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "அக்கா, உன் பல்லண்ணன். பாதி ஆள் நனைஞ்சு வந்திருக்காரு" என்று குரல் கொடுத்துவிட்டு ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

பின்பக்கத்து அறையில் நர்ஸம்மா ஒரு சின்ன மேசைக்கு முன் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் தண்ணீர் ஜாடி. மற்றக் கையின் ஆள்காட்டி விரல் கோப்பையின் விளிம்பில் மடங்கி உள்ளே தொங்கியது. தண்ணீர் விரலைத் தொட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார். மேசை ஏற்கெனவே ஈரமாக இருந்தது. காலையிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. கண்ணைத் திறக்காமலே, "உக்காருங்க" என்றார்.

பல்லுக்காரர் உட்கார்ந்தார். வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அத்தனையும் கலைந்துவிட்டன. "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றார். "வார்டு நிறைஞ்சா நீங்க வர மாட்டீங்களோன்னு..."

நர்ஸம்மா ஜாடியைக் கீழே வைத்தார். கண்ணைத் திறந்து, அவரைச் சரியாகப் பார்ப்பதற்காக முகத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

"ஸ்டாம்பு ஒளிச்சதுக்குக் கூட எனக்குக் கோவம் வரல. அது என்ன, காகிதம். 'ஏழு கெடச்சாலும் வாங்க நர்ஸம்மா'ன்னு ஒரு வார்த்தை. அத வாயத் தொறந்து சொல்ல உங்களுக்கு ரெண்டு வருஷம் பத்தலையே, அதுக்குத்தான் வந்துச்சு."

பல்லுக்காரர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

"கட்டில் எல்லாம் நிறைஞ்சிருச்சுன்னா எந்த நர்ஸாவது வீட்டுக்குப் போவாளா அண்ணே? அன்னிக்குத்தான் அவளுக்கு வேலையே. இது கூடத் தெரியாம இத்தினி வருஷம் என்கூட உக்காந்திருந்திருக்கீங்க."

வெளியே மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. தங்கை சூடாக இரண்டு கோப்பை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஈர மேசையைத் துடைத்துவிட்டுப் போனார். நர்ஸம்மா கோப்பையைத் தேடி எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, "கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

பல்லுக்காரர் பையின் முடிச்சை அவிழ்த்தார். ஆல்பம் ஒரு சொட்டுக்கூட நனையவில்லை. உறையை வெளியே எடுத்து, வார்டுப் பக்கத்தின் அடியில், ஏழாம் கட்டத்துக்கு நேர்கீழே வைத்தார். லென்ஸைத் துணியிலிருந்து பிரித்து நர்ஸம்மாவின் பக்கம் தள்ளினார். நர்ஸம்மா அதை எடுத்து உறையின் மேல் பிடித்து, ஓரக்கண்ணால் அந்தத் தூங்குமூஞ்சி எழுத்தைத் தேடிப் பிடித்து, போதும் என்கிறவரை பார்த்தார். பிறகு லென்ஸை அவரிடமே திருப்பித் தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இனிமே ரவுண்ட்ஸ் நீங்கதான் போகணும். ஒவ்வொரு கட்டிலா நின்னு சொல்லிக்கிட்டே வாங்க. நான் கேட்டுக்கறேன்."

பல்லுக்காரர் ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்றாம் நம்பரில் ஆரம்பித்தார். தலையில் மடிப்பு, மற்றபடி திடகாத்திரம். இரண்டாம் நம்பருக்கு நிறம் வெளுத்திருக்கிறது. மூன்றுக்கு முதுகில் ஓட்டை. நர்ஸம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஐந்தின் ஒற்றைக் காலைச் சொன்னபோது சிரித்தார். ஆறு முடிந்து ஏழு வந்ததும் பல்லுக்காரர் சற்று நிறுத்தினார்.

"ஏழாம் நம்பர். இடது மூலையில கோடு அறுந்திருக்கு. ஒரு எழுத்து சாய்ஞ்சிருக்கு. பின்பக்கம் ஒரு தேய்ப்பு. அது அவர் கொண்டு வந்ததில்ல, நான் பண்ணது."

"கேஸ் ஷீட்டுல எழுதியாச்சு. மேல போங்க."

"எட்டாம் நம்பருக்கு வலது ஓரத்துல சின்னதா ஒரு கிழிசல். பெருசா ஒண்ணும் தெரியல."

நர்ஸம்மா கண்ணைத் திறக்கவில்லை. "எட்டுக்கு வலது காதே கிடையாதுண்ணே. எனக்காக யாரையும் குணப்படுத்தாதீங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பல்லுக்காரர் லென்ஸைத் துடைத்து, வெளிச்சத்துக்கு வாகாக ஆல்பத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடி குனிந்து பார்த்தார். எட்டாம் நம்பருக்கு வலது காது இல்லைதான்.